கருக்குக் கீறல்

எங்கள் கிணறு பங்குக் கிணறு. கிணறு ஒன்று, அதில் தண்ணீர் இறைக்க உரிமையுள்ள வீடுகள் இரண்டு. ஒன்று எங்களுடையது. மற்றது என் சித்தப்பாவின் மகனுடையது. அவர் எனக்கு மூத்தவர், அண்ணை என்று கூப்பிட வேண்டியவர். கூப்பிட்டுச் சில வருடங்களாகிவிட்டன. எங்கள் முறை காலை பத்து மணியோடு முடிகிறது என்றால், பத்து ஆவதற்கு முன்பே வரம்பில் வந்து நின்று செருமுவார். அந்தச் செருமலுக்காகவே நான் தண்ணீர் இறைக்கும் மெசினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். பேச்சு நின்றுபோனது இப்படித்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போன மாசி மாதம் ஒரு காலையில் என் மனைவி சாகக் கிடந்ததற்கு அந்தப் பத்து மணியும் ஒரு காரணம்.

நான் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான், வீட்டில் ஏற்கெனவே ஒரு சாரதி இருப்பது தெரிந்தது. சாவகச்சேரிக்குச் சற்றுத் தள்ளி, வீட்டோடு ஒட்டிய எங்கள் தோட்டத்தை அவள்தான் நடத்துகிறாள். நான் மண்வெட்டி பிடிக்கிற ஆள். எங்கே கொத்துவது, எவ்வளவு ஆழம், எப்போது தேத்தண்ணி எல்லாம் அவள் உத்தரவு. வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய கைபேசியில் தோட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் ஒரு வீடியோ பார்த்து முடித்தால் எனக்கு ஒரு புது வேலை வரும்.

அந்த முறை வந்த வேலை, கத்தரிப் பாத்திகளுக்கு மூடாக்குப் போடுவது. மாரி மழை ஓய்ந்துவிட்டது. எங்களுடையது மணல் கலந்த மண். காலையில் இறைத்த தண்ணீர் மாலையில் இருக்காது. அதனால் மண் வெயிலைக் காணவே கூடாது என்று முடிவெடுத்தாள். பாத்தியைக் கொத்தி, கோரைக்கிழங்கை ஒன்றுவிடாமல் பொறுக்கி, மாட்டெரு கலந்து, மட்டம் பார்த்து, ஊற ஊறத் தண்ணீர் விட்டு, அந்த ஈரத்தின் மேல் ஓலையைப் பரப்பி மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் மூடியபடியே காய்ந்து கிடக்கும் என்று எனக்குப் பல தடவை விளங்கப்படுத்தினாள். ஒரு கோரைக்கிழங்கு தப்பினாலும் ஓலையைக் குத்திக்கொண்டு வெளியே வரும் என்றும் சொன்னாள். நான் குனிந்து குனிந்து கோரைக்கிழங்கு பொறுக்கியதில் முதுகு எனக்கு உரியதா வேறு யாருக்காவது உரியதா என்று தெரியாமல் போயிற்று.

ஓலை வெளியில் வாங்கத் தேவையில்லை. தை மாதம் வேலி அடைத்தபோது கழற்றிய பழைய பனையோலைகள் தோட்டத்து மூலையில் குவியலாகக் கிடந்தன. கொளுத்திவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். பொன்னைக் கொளுத்தப் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆகவே குவியல் அங்கேயே கிடந்தது.

அன்று விடிந்ததும் தொடங்கினோம். நான்கு பாத்திகள். நான் மெசினை இயக்கி, வாய்க்காலை வெட்டி ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் திருப்பினேன். அவள் குவியலிலிருந்து ஓலைகளை இழுத்து, மட்டையை வெட்டி எறிந்துவிட்டு, ஓலையை மட்டும் நனைந்த பாத்தியில் பரப்பிக்கொண்டு போனாள். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுத்த பல்வரிசை இருக்கும். அதற்குத்தான் கருக்கு என்று பெயர். வாள் மாதிரி அறுக்கும். எங்கள் பக்கத்தில் வளர்ந்த எவருடைய கையிலும் காலிலும் கருக்குக் கீறிய தழும்பு ஒன்றாவது இருக்கும். அதற்கு மருந்து போடும் வழக்கமெல்லாம் இல்லை. வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கீறல்கள் விழுந்திருந்தன.

“பூனையோடை சண்டை பிடிச்ச மாதிரிக் கிடக்கு” என்றேன்.

“பூனை பரவாயில்லை. வேலையாவது செய்யும்” என்றாள்.

முதல் பாத்தி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கத்தரி நாற்றுகளை அவள் அதிகாலையிலேயே பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்தாள். பத்து மணிக்குள் நான்கு பாத்தியும் நனையாவிட்டால் அடுத்த முறை வர மூன்று நாளாகும். அதற்குள் நாற்றுகள் செத்துவிடும். விதை போட்ட நாளிலிருந்து அவற்றோடு அவள் கதைத்த கதையை என்னோடு கதைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நல்ல மனிதனாக இருந்திருப்பேன்.

மூன்றாம் பாத்திக்கு நான் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தபோது, குவியலடியில் அவள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வலது கையை உதறிக்கொண்டு நின்றாள்.

“என்ன?”

“கருக்கு.”

“காட்டும்.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. இரத்தம் கொஞ்சம் வந்திருந்தது. ஆயிரம் முறை கண்ட காயம்தான்.

“கருக்குத்தான்” என்றேன்.

நானும் அவளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அரிது. அன்று ஒத்துப்போனோம். அவள் காயத்தை உறிஞ்சித் துப்பினாள். வாய்க்கால் கரையில் கையைக் கழுவினாள். மறுபடியும் குவியலுக்குப் போனாள்.

அதன் பிறகு அவளுடைய வேகம் குறைந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். களைத்துவிட்டாள், இனி என்னைத்தான் ஓலையும் பரப்பச் சொல்லப் போகிறாள் என்று எரிச்சல் வந்தது. சூரியன் பூவரசுக்கு மேலே ஏறிவிட்டது. வரம்பில் எந்த நேரமும் அந்தச் செருமல் கேட்கலாம். நான் மண்வெட்டியைப் பலமாகப் போட்டுக் கொத்தினேன்.

“கெதியாப் பரப்பும். நேரம் போகுது” என்று கத்தினேன்.

பதில் இல்லை. அவள் பதில் சொல்லாமல் விடுகிறவள் அல்ல. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் பாத்தியின் நடுவில் குந்தியிருந்து ஓலையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பழைய வேலி ஓலை மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாய் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பின் மேல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல. பாத்தியின் தலைப்பிலிருந்து அவள் குந்தியிருந்த இடம் வரைக்கும், அவள் கை பட்ட ஒவ்வொரு ஓலையிலும் இருந்தது.

“உது இன்னும் நிக்கேல்லையோ?”

“நிண்டு நிண்டு வருது. கொஞ்சம் எரியுது. வேறையொண்டுமில்லை.”

பாத்தியை மிதித்துக்கொண்டே போனேன். நனைந்த பாத்தியை மிதித்ததற்கு அவள் ஏசவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். பெருவிரலடி வீங்கி மினுங்கியது. காப்பு மணிக்கட்டில் இறுகியிருந்தது. காயத்திலிருந்து இரத்தம் மெல்லியதாய், அவசரமே இல்லாமல், நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் அந்தக் கீறல்களைப் பார்த்தேன். விடிகாலையில் கருக்குக் கீறியவை. அவை காய்ந்து கறுத்துப்போனதை நான் என் கண்ணால் கண்டு பகிடியும் விட்டிருந்தேன். இப்போது அவை எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொரு கீறலின் மேலும் சின்னச் சின்னத் துளியாக இரத்தம் அரும்பி நின்றது. இடது கையிலும் அப்படியே. அந்தக் கையில் புதிதாக ஒரு காயமும் இல்லை.

நான் இதை முன்பு ஒருமுறை கண்டிருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில், வழியில் கை காட்டி மறித்து, பாம்பு கடித்த ஒரு மனிதரை என் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒரு தரிப்பிலும் நிறுத்தாமல் ஆசுப்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டேன். கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பழைய புண் ஒன்றிலிருந்தும் பல் ஈறிலிருந்தும் அவருக்கு இரத்தம் கசிந்தபடியே இருந்தது. விரியன் கடித்தால் இரத்தம் உறையாது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்த மனிதருக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“எழும்பும். இது கருக்கில்லை” என்றேன்.

“இன்னும் ஒரு பாத்திதானே. பத்து மணிக்கு உங்கடை அண்ணை வந்திடுவார்…”

மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன். அது வாய்க்காலுக்குள் போய் விழுந்தது.

“பாத்தி நாசமாப் போகட்டும்! எழும்பும் எண்டால் எழும்பும்!”

அவளுக்கு என் கோபம் பழக்கம். சாதாரணமாக அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் அன்று என் குரலில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். தன் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். எழும்பினாள்.

அதற்குள் இன்னொரு சண்டை. அவள் தோட்டத்துச் சட்டையோடு நின்றாள், சேறும் எருவும் இரத்தமும் பட்டு. “இந்தக் கோலத்தோடை ரவுணுக்கோ? சீலையை மாத்திக்கொண்டு வாறன்” என்றாள். உயிர் போகிற நேரத்திலும் எங்கள் பெண்களுக்குப் பட்டணத்தில் யார் பார்ப்பார்கள் என்ற கவலை. கொடியில் கிடந்த துவாயை எடுத்து அவள் தோளில் போட்டு, மோட்டார்சைக்கிளை இயக்கினேன். நானும் இடுப்பில் கட்டிய சாரத்தோடுதான் நின்றேன். கையில் அகப்பட்ட சேட் ஒன்றை மேலே மாட்டிக்கொண்டேன்.

“ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இரும். என்னை இறுக்கிப் பிடியும்.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் ஒரு பக்கமாகத்தான் இருந்து வருவாள். அன்று மறுபேச்சில்லாமல் சொன்னபடி இருந்தாள். அவளுடைய கை என் வயிற்றைச் சுற்றி வந்தது. சேட் ஈரமாவது தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் குறுகிய ஒழுங்கையின் முடிவில் அண்ணை நின்றார். பத்து மணிக்கு ஆயத்தமாக மண்வெட்டியும் கையுமாக வந்துகொண்டிருந்தார். நடு ஒழுங்கையில் நின்றுகொண்டு, வருடக்கணக்குக்குப் பிறகு என்னோடு முதல் வார்த்தை பேசினார்.

“மெசின் ஓடிக்கொண்டு கிடக்கு. எங்கை போறாய்?”

“இவவைப் பாம்பு கடிச்சுப்போட்டுது.”

அவருடைய பார்வை என் சேட்டுக்குப் போனது. “என்ன பாம்பு? எங்கை வைச்சு? டேய், பாம்புக்கடிக்கு மந்திரிச்சுப் பார்வை பாக்கிற ஆள் கிட்டத்திலை இருக்கிறார், முதல் அங்கை ஒருக்கா…”

“ஆசுப்பத்திரிக்கு அண்ணை. விலகுங்கோ.”

ஒரு நொடி நின்றார். பிறகு வேலியோடு ஒட்டி வழிவிட்டார். “போ, போ. மெசினை நான் பாக்கிறன். எந்த இடத்திலை கடிச்சது?”

“ஓலைக் குவியலுக்குள்ளை” என்று கத்திக்கொண்டே போனேன்.

ஏ-ஒன்பது வீதியின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் பேரை அதில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அன்று எந்த வேகத்தில் போவது என்று தெரியவில்லை. வேகமாகப் போனால் குலுங்கும், குலுங்கினால் நஞ்சு ஏறும் என்று ஒரு பயம். மெதுவாகப் போனால் நேரம் போய்விடும் என்று மற்றப் பயம். முன்னால் ஒரு பஸ், ஆளை இறக்குகிறோம் என்று வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நான் முப்பது வருடம் செய்த அதே வேலைதான். அந்தச் சாரதியை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

“இஞ்சேருங்கோ” என்று அவள் என் முதுகோடு வாயை வைத்துச் சொன்னாள். “ஓலையைத் தூக்கேக்கை ஏதோ சரசரத்தது. ஓலையெண்டால் சரசரக்கும்தானே எண்டு விட்டிட்டன்.”

“கதையாதையும்.”

“நித்திரை வருது.”

“நித்திரை கொண்டீரெண்டால் உம்மைக் கொல்லுவன்” என்றேன். என்ன சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர் இருந்தார். என் மகளின் வயது இருக்கும். பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பாம்புதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் என் மனைவியின் சட்டைக் கையை மேலே ஏற்றி அந்தக் கீறல்களைக் காட்டினேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. தாதி சவர்க்காரம் போட்டுக் காப்புகளைக் கழற்றி, சட்டைப் பைக்குள் கிடந்த கைபேசியோடு என் கையில் தந்தார். அவளுடைய வாயைத் திறக்கச் சொன்னார்கள். கீழ்ப் பல்வரிசையின் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. என்னுடைய பஸ்ஸில் கண்ட அதே கோடு.

இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, நிமிர்த்தி வைத்தார்கள்.

“இருபது நிமிசம் இதை ஒருத்தரும் அசைக்கக் கூடாது. பிறகு சரிச்சுப் பாப்பம். இரத்தம் உறைஞ்சு கட்டியிருந்தால் பயமில்லை. தண்ணியா ஓடினால் நஞ்சு இரத்தத்திலை இருக்கு, மருந்து ஏத்த வேணும்” என்றார் வைத்தியர்.

அந்தக் குழாய்க்கு முன்னால் நான் நின்றேன். விரலளவு இரத்தம். என் மூச்சுப் பட்டு அசைந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பி மூச்சு விட்டேன். யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் அவர்களை முறைத்தேன்.

அவள் கட்டிலில் கிடந்தபடி எனக்குப் பாடம் எடுத்தாள்.

“நாத்துச் சாக்கிலை தண்ணி தெளியுங்கோ. நடேக்கை ஓலையை விலத்தி ஒரு சின்ன இடம் விட்டு நடுங்கோ. தண்டிலை ஓலை முட்டக் கூடாது. முட்டினால் அழுகிப்போம். பின்னேரத்திலைதான் நட வேணும், வெய்யிலுக்கை நட்டுப்போடாதையுங்கோ.”

“வாயை மூடும்.”

“நாலாவது பாத்தி நனையேல்லை. நனையாமல் மூடிப்போடாதையுங்கோ.”

“வாயை மூடும் எண்டு சொன்னனான்!”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கோபம் கோபமாக வந்தது. அவள் எனக்கு விவசாயம் சொல்லித்தரவில்லை. தான் இல்லாமல் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கு விளங்கியது. அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

வைத்தியர் வந்தார். குழாயைத் தூக்கி மெல்லச் சரித்தார். பாலில்லாத வெறும் தேத்தண்ணி கோப்பையில் ஓடுவது போல, இரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஓடியது.

“மருந்து ஏத்துவம். சில பேருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அதுக்கும் ஆயத்தமாத்தான் இருக்கிறம்” என்று என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் அவள் “ஏத்துங்கோ பிள்ளை” என்றாள்.

ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு நடுங்கத் தொடங்கினாள். கட்டிலின் இரும்பு கடகடத்தது. கண் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. என்னைத் தேடிக் கையை நீட்டினாள், நான் அந்தக் கையைப் பிடிக்குமுன் இரண்டு தாதிகள் ஓடிவந்து திரையை இழுத்தார்கள். “ஐயா, வெளியிலை நில்லுங்கோ” என்று யாரோ என் தோளைத் தள்ளினார். திரைக்கு அந்தப் பக்கம் அவசரமான குரல்கள் கேட்டன. அவளுடைய குரல் மட்டும் கேட்கவில்லை.

பிறகு அவளைப் பெண் நோயாளர்களின் விடுதிக்கு மாற்றினார்கள். பெண்கள் விடுதியில் ஆண்கள் நிற்கக் கூடாது, பார்வையாளர் நேரத்தில் மட்டும் வரலாம். மத்தியானம் கொஞ்ச நேரம் விட்டார்கள். முகம் ஊதி, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டியபடி நித்திரையாகக் கிடந்தாள். அவளுடைய முகம் என்று அடையாளம் தெரியவில்லை. எழுப்பாதீர்கள் என்றார் தாதி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதைச் சமாளித்துவிட்டோம், நஞ்சு முறிந்ததா என்பதைப் பின்னேரம் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

வாசலடியில் கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். சேட்டில் அவளுடைய இரத்தம் காய்ந்திருந்தது. பொக்கற்றில் காப்புகளும் அவளுடைய கைபேசியும் கிடந்தன. கைபேசி அடித்தது. மகள். இந்த நேரத்துக்கு வழமையாக எடுப்பாள். தாயும் மகளும் நாற்றைப் பற்றிக் கதைப்பார்கள். நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்து என்ன சொல்வது? அம்மா இருக்கிறாள் என்பதா? பின்னேரம் வரைக்கும் அதை எவராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாதே.

அண்ணை சைக்கிளில் வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் மண். என் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைபேசியை நீட்டினார். படத்தில், எங்கள் பாத்தி ஓலை ஒன்றின் மேல், செத்த பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. விரல் தடிப்புத்தான் இருக்கும்.

“சுருட்டை விரியன். உந்தக் குவியலின்ரை அடியிலை கிடந்தது. நீளத் தடியாலை ஒவ்வொரு ஓலையாப் புரட்டினன். டொக்டரிட்டைக் காட்டு, உதவும்.”

காட்டினேன். இதற்கும் இந்த மருந்துதான், சரியான மருந்துதான் ஏற்றியிருக்கிறோம் என்றார் வைத்தியர். திரும்பி வந்தபோது அண்ணை தேத்தண்ணி வாங்கி வைத்திருந்தார்.

“உங்கடை முறையும் போயிருக்கும்” என்றேன்.

“முறையோ! நீ ஒரு விசரன்” என்றார்.

அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. தேத்தண்ணியை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அது ஆறிப்போயிற்று. அவர் போகவில்லை.

பின்னேரம் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். அவள் கண் விழித்திருந்தாள். முகத்து வீக்கம் பாதி வற்றியிருந்தது. அந்த வைத்தியர் அப்போதுதான் மறுபடி இரத்தம் எடுத்துக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலருகேயிருந்த சின்ன அலுமாரியின் மேல் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, மற்ற நோயாளியிடம் போனார்.

நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் நாற்றைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். நான்காம் பாத்தியைப் பற்றிக் கேட்பாள். சாக்கில் தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு ஏச்சு வாங்க வேண்டும். அந்த ஏச்சுக்காக என் உடம்பெல்லாம் ஏங்கியது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்தபோதும், பிள்ளைப்பேற்றின்போதும் அவள் அதைச் சொன்னதில்லை. “நான் இருக்கிறன்” என்று மட்டும் சொன்னேன். நான் இருந்து என்ன பயன் என்றும் எனக்குத் தெரியவில்லை. அலுமாரியில் முழங்கை பட்டுவிடாமல் கைகளை மடியில் கட்டி வைத்துக்கொண்டேன். அடுத்த கட்டிலுக்கு வந்தவர்கள் பார்சலைப் பிரித்துச் சாப்பாடு கொடுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக இருந்தது.

தாதி வந்தார். குழாயைத் தூக்கினார். மெல்லச் சரித்தார். நான் எழும்பி நின்றுவிட்டேன். இன்னும் சரித்தார். பிறகு முற்றாகக் கவிழ்த்தே பிடித்தார். இரத்தம் கண்ணாடியின் அடியில் இருந்த இடத்திலேயே இருந்தது.

“கட்டிட்டுது” என்றார். “நல்லாக் கட்டிட்டுது, ஐயா.”

நான் அழுதேன். மெதுவாக அழத் தெரியாது எனக்கு. சத்தம் போட்டு அழுதேன். அந்த விடுதியே திரும்பிப் பார்த்தது.

“இஞ்சேருங்கோ, சனம் பாக்குது” என்றாள் அவள்.

“பாக்கட்டும்.”

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். வந்தவர்கள் கூடைகளையும் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். காவலர் வாசலில் நின்று, ஆண்கள் எல்லாரும் வெளியே வரவேண்டும் என்று சத்தம் போட்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். என் சேட்டின் நுனியை அவள் பிடித்திருந்தாள், அந்த இரத்தக் கறையோடு சேர்த்து.

“இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் எனக்கு இட்டதெல்லாம் கட்டளைதான். கெஞ்சிக் கேட்டது இது ஒன்றுதான். காவலர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நான் மறுபடி கதிரையில் உட்கார்ந்தேன்.